பல் எலும்போடு ஒட்டியில்லை என்றால் எதில்தான் நிற்கிறது?

நிழற்குடை:
பல்லில் படிந்த கல்லை எடுக்க அண்மையில் டாக்டரிடம் போயிருந்தேன். கீழ் முன்பற்களின் உள்பக்கம் கெட்டிதட்டிக் கிடந்ததை எல்லாம் எடுத்துவிட்டார். இப்போது கண்ணாடியில் பார்த்தால் பற்களுக்கு நடுவே சந்து தெரிகிறது, நாக்கால் தள்ளினால் இரண்டு பல் லேசாக அசைவது போலவும் இருக்கிறது. வீட்டில் கேட்க வேண்டுமா, "க்ளீன் பண்ணினா பல் ஆடும்னு அப்பவே சொன்னோம்ல" என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். சரி, அந்தச் சண்டை இருக்கட்டும். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. சுவரில் அடித்த ஆணி போல எலும்புக்குள் இறுகி நிற்பதுதான் பல் என்றால் அது அசையவே கூடாது. அசைகிறது என்றால் நடுவில் என்னவோ இருக்கிறது. அது என்ன? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள். "டாக்டரைப் பாருங்கள்" என்ற ஒற்றை வரி மட்டும் வேண்டாம், பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

வெட்டிப்பேச்சு:
இதற்காகத்தான் நான் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. கல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், பல்லைப் பிடித்துக்கொண்டாவது இருக்கும்.

கடைவாய்ப்பல்:
வெட்டிப்பேச்சு சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதுதான் ஆபத்து. அதற்கு அப்புறம் வருகிறேன். நான் ஈறு சிகிச்சைத் துறையில் இருக்கிறேன், அதனால் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிழற்குடை, நேர் பதில்: ஆமாம், நடுவில் ஒன்று இருக்கிறது. பல்லின் வேருக்கும் அது உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழிக்கும் இடையே சுமார் 0.2 மி.மீ. அகலத்தில் ஒரு சந்து. ஆளுக்கு ஆள், பல்லுக்குப் பல் 0.15இலிருந்து 0.38 வரை மாறும், வேரின் நடுப்பகுதியில்தான் மிகக் குறுகல். அந்தச் சந்து முழுக்க கொலாஜன் என்ற புரதத்தாலான நார்க் கற்றைகள். ஒரு முனை வேரின் மேல் படிந்த சிமென்டம் என்ற படலத்துக்குள் புதைந்திருக்கும், மறுமுனை எலும்புக்குள். இந்த நார் அடுக்குதான் பெரியடோன்டல் லிகமென்ட். புதைந்துகிடக்கும் முனைகளுக்கு ஷார்பி நார்கள் என்று பெயர், 19ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து உடற்கூறியலாளர் வில்லியம் ஷார்பியின் நினைவாக. ஆக, நல்ல பல் எலும்பைத் தொடுவதே இல்லை. நார்களில் தொங்குகிறது. நல்ல பல்லும் துளி அசையத்தான் செய்யும், அசையவே அசையாத பல்தான் எங்களுக்குச் சந்தேகம். லிகமென்ட் செத்து வேர் எலும்போடு நேரே ஒட்டிப்போன பல்லைத் தட்டிப் பார்த்தால் சத்தமே வேறாக, உலோகத்தைத் தட்டியது கணக்காகக் கேட்கும்.

அந்த நார்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடுவதில்லை. குழியின் விளிம்பில் ஒரு கூட்டம், அதற்கு உள்ளே கிடையாக ஒரு கூட்டம், வேர் நுனியைச் சுற்றி ஒன்று, கடைவாய்ப் பற்களில் வேர்கள் பிரியும் கவட்டில் இன்னொன்று. ஆனால் பெரும்பங்கு சாய்வாக ஓடுபவைதான். எலும்பில் பல்லின் தலைப்பக்கமாகவும் வேரில் அதன் நுனிப்பக்கமாகவும் பிடித்திருக்கும். இந்தச் சாய்வில்தான் விஷயமே இருக்கிறது. நீங்கள் கடிக்கும்போது பல் குழிக்குள் அமுங்கப் பார்க்கிறது, சாய்ந்த நார்கள் விறைக்கின்றன, அதனால் எலும்புச் சுவருக்குப் போய்ச் சேருவது நசுக்கும் விசை இல்லை, இழுக்கும் விசை. எலும்பை விடாமல் நசுக்கினால் அது கரையும், இழுத்துக்கொண்டே இருந்தால் வளரும். பல்லுக்குக் கீழே எலும்பு இத்தனை வருஷம் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரைகுறை இன்ஜினியர்:
டாக்டர், ஒரு சந்தேகம். கடைவாயில் ஓங்கிக் கடித்தால் 600 நியூட்டன் வரை போகும் என்று படித்திருக்கிறேன், கிட்டத்தட்ட 60 கிலோ எடை. அதை 0.2 மி.மீ. நார் மட்டும் தாங்குகிறது என்பதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இழுவிசை கணக்கு புரிகிறது, ஆனால் திடீரென்று விழும் அடியை யார் உறிஞ்சுவது?

கடைவாய்ப்பல்:
சரியான கேள்வி. நார் மட்டும் இல்லை, நீரும் தாங்குகிறது. நார்களுக்கு இடையே இருக்கும் வழவழப்பான பொருளில் சுமார் 70 சதவீதம் நீர், அதோடு ரத்தக் குழாய்கள் வேறு நிறைய. எலும்புக் குழியின் சுவர் முழுக்கப் பொடிப்பொடியான துளைகள் உண்டு. பல் அமுங்கும்போது திரவம் அந்தத் துளைகள் வழியாகப் பக்கத்து எலும்பு மஜ்ஜை அறைகளுக்கு ஒதுங்குகிறது, விசை நின்றதும் திரும்புகிறது. துளை சின்னது என்பதால் வேகமாக ஓட முடியாது. அதனால் சட்டென்று அடித்தால் பல் விறைப்பாக நிற்கும், மெதுவாக அழுத்திக்கொண்டே இருந்தால் இணங்கிக்கொடுக்கும். நீங்கள் சொல்லும் அடியை உறிஞ்சும் வேலை இதுதான். இயல்பான பல் செங்குத்தாக 25 முதல் 100 மைக்ரான் வரை அமுங்கும் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.இல் ஆயிரத்தில் ஒரு பங்கு).

இன்னொரு வேடிக்கை. காலையில் எழுந்தவுடன் பற்கள் பகலைவிடக் கொஞ்சம் அதிகமாக அசையும். இரவில் மேல் பல்லும் கீழ் பல்லும் அதிகம் தொட்டுக்கொள்வதில்லை, அதனால் ஒவ்வொன்றும் மயிரிழை வெளியே எழும்பிவிடுகிறது. பகலில் மெல்லவும் விழுங்கவும் ஆரம்பித்ததும் பழையபடி அமர்ந்துவிடும். எனவே நிழற்குடை, விடிந்ததும் விடியாததுமாக நாக்கால் தள்ளிப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

சாம்பல்பூனை:
எனக்கு ஒரு கடைவாய்ப் பல் இம்பிளான்ட், அதாவது எலும்பில் பொருத்திய செயற்கைப் பல். வலி கிடையாது, ஆட்டம் கிடையாது, ஆனாலும் அந்தப் பக்கம் மெல்லும்போது ஏதோ கையுறை போட்டுக்கொண்டு தொடுவதுபோல ஒரு மழுங்கல். வைத்துவிட்ட டாக்டரிடம் கேட்டால் "பழகிடும்மா" என்பதோடு சரி. இந்த உரையாடலைப் படித்த பிறகு அது அந்த நார் இல்லாததால்தானோ என்று தோன்றுகிறது.

கடைவாய்ப்பல்:
அதேதான்மா. லிகமென்டுக்குள் நரம்பு முனைகள் ஏராளம். வலியை உணர்பவை தனி, நார் எந்தப் பக்கம் எவ்வளவு இழுபடுகிறது என்று அளப்பவை தனி. இரண்டாவது வகை இருப்பதால்தான் இயல்பான பற்களுக்கு நடுவே 20 மைக்ரான் தடிமனில் ஒரு தகடை வைத்தால்கூடத் தெரிந்துவிடுகிறது. வாயில் ஒரு பொடி மணல் கடிபட்டால் என்ன ஆகிறது என்று கவனித்துப் பாருங்கள். "மணல்" என்று மனதில் பதிவதற்கு முன்பே தாடை தானாகத் திறந்திருக்கும். நீங்கள் திறக்கவில்லை. விறைத்த நார் மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்பி, மூடும் தசைகளை நிறுத்திவிட்டது.

டைட்டானியம் இம்பிளான்டில் இது எதுவும் இல்லை. அது எலும்போடு நேரே பிணைந்து நிற்கிறது. ஸ்வீடன் மருத்துவர் பெர்-இங்வார் பிரோனமார்க் இதைக் கண்டுகொண்டு 1965இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். அமுங்குவது 3 முதல் 5 மைக்ரான் அளவுதான். எலும்பு, தசை, தாடை மூட்டு இவற்றிலிருந்து வரும் செய்தியை வைத்து மூளை ஓரளவு சமாளித்துக்கொள்ளும், உங்கள் டாக்டர் "பழகிடும்" என்றது அதைத்தான், ஆனால் அந்த நுட்பம் வராது. அதனால்தான் பக்கத்தில் இயல்பான பல் இருக்கும்போது இம்பிளான்டின் கடியைத் துளி குறைவாக வைத்துத் தேய்த்துவிடுவோம். ஓங்கிக் கடிக்கையில் மற்றவை அமுங்கும், இது அமுங்காது, மொத்தச் சுமையும் இதன் தலையில் விழும்.

மழைக்காகிதம்:
அப்படியென்றால் கிளிப் போட்டுப் பல்லை நகர்த்துவதும் இந்த நாரை வைத்துத்தானா? எனக்குக் கிளிப் கழற்றியாகிவிட்டது, பல் பழைய இடத்துக்குப் போகாமல் பிடித்துவைக்கும் ரிடெய்னரை ராத்திரி போடச் சொல்கிறார்கள், சோம்பலாக இருக்கிறது. பல்தான் நேராகிவிட்டதே?

கடைவாய்ப்பல்:
போடுங்கள் தம்பி. பல் நகர்வதே லிகமென்ட் உயிரோடு இருப்பதால்தான். கம்பி ஒரு பக்கம் தள்ளும்போது அந்தப் பக்க நார் அமுங்குகிறது, எலும்பைத் தின்னும் செல்கள் அங்கே வந்து குழியின் சுவரைக் கரைக்கின்றன. எதிர்ப்பக்கம் நார் இழுபடுகிறது, அங்கே புது எலும்பு படிகிறது. குழியே நகர்கிறது, பல் கூடவே போகிறது. சுமாராக மாதத்துக்கு 1 மி.மீ. சீக்கிரம் முடியட்டும் என்று பலமாக முறுக்கினால் அமுங்கும் பக்கம் ரத்த ஓட்டமே நின்று திசு செத்துவிடும், அதை உடல் அப்புறப்படுத்தும் வரை பல் நின்ற இடத்திலேயே நிற்கும். அவசரப்பட்டால் தாமதம்தான்.

இங்கே சிமென்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. அதன் தடிமன் பல்லின் கழுத்தருகே 20 முதல் 50 மைக்ரான், வேர் நுனியில் 150, 200 மைக்ரான். ரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. எலும்பு நாள்தோறும் கரைந்து புதுப்பித்துக்கொள்ளும், சிமென்டம் அப்படிக் கரைவதில்லை, வாழ்நாள் முழுக்க மெதுவாக மேலே படிந்துகொண்டுதான் போகும். இந்த வித்தியாசம் மட்டும் இல்லாவிட்டால் கம்பி கட்டியதும் குழிக்குப் பதில் வேர் கரைந்துபோயிருக்கும்.

இனி உங்கள் ரிடெய்னர். லிகமென்ட் நார்கள் புது இடத்துக்கு ஏற்பத் தங்களைத் திருத்திக்கொள்ள 3, 4 மாதம் போதும். எலும்பு விளிம்புக்கு மேலே ஈறுக்குள் ஓடும் நார்கள் இருக்கின்றனவே, ஒரு பல்லின் கழுத்திலிருந்து பக்கத்துப் பல்லின் கழுத்துக்குப் போகிறவையும் அதில் உண்டு, அவை பிடிவாதக்காரர்கள். ஒரு வருஷம் வரைகூட இழுபட்ட நிலையிலேயே இருந்து பல்லைப் பழைய இடத்துக்கு இழுக்கப் பார்க்கும். முறுக்கி இருந்த பல்லைத் திருப்பி இருந்தால் இன்னும் மோசம்.

மழைக்காகிதம்:
பிடிவாதக்காரர்களா, சரிதான். இன்று ராத்திரியிலிருந்து போடுகிறேன்.

பொன்வண்டு:
நான் பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது என்பதால் ஈறு ஓரத்தில் பிரஷ் படாமல் துலக்குகிறேன். ஈறும் ரோஸ் நிறத்தில் இல்லாமல் கருப்பாக இருக்கிறது. இது நோயா? பொடி வைத்து விரலால் நன்றாக அழுத்தித் தேய்த்தால் ஈறு இறுகும் என்கிறார்களே?

வெட்டிப்பேச்சு:
விரல்தான் பெஸ்ட். எங்கள் தாத்தா கடைசிவரை விரல்தான்.

கடைவாய்ப்பல்:
தாத்தாவுக்கு வணக்கம். ஆனால் விரல் நுனி இரண்டு பற்களுக்கு நடுவே போகாது, நோய் ஆரம்பிப்பது பெரும்பாலும் அங்கேதான். பரபரவென்று இருக்கும் பொடியை அழுத்தித் தேய்த்தால் ஈறு இறுகாது, கழுத்தில் பல் தேயும், ஈறு இறங்கும்.

பொன்வண்டு, கருப்பு நோய் இல்லை. அது மெலனின் என்ற நிறமி, தோலில் இருப்பதேதான். ஈறின் நலத்தை நிறத்தை விட வடிவத்தில் பாருங்கள். பல்லின் கழுத்தில் விளிம்பு கத்தி முனையாகப் படிந்திருக்கிறதா, உப்பி மழுங்கிக் கிடக்கிறதா? பற்களுக்கு நடுவே முக்கோணம் நிறைந்திருக்கிறதா? எலும்போடு இறுகிய பகுதியில் சிலருக்கு ஆரஞ்சுத் தோல் கணக்காகப் புள்ளிகள் தெரியும். தெரியாவிட்டாலும் கவலை இல்லை, எல்லோருக்கும் இருப்பதில்லை.

ஆனால் ரத்தம் வருவது நோய்தான், தொடக்க நிலை. விளிம்புக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய ஒரு பள்ளம் உண்டு, நுனியில் அளவு குறித்த மெல்லிய கம்பியை விட்டால் 1 முதல் 3 மி.மீ. வரை போகும். பள்ளத்தின் அடியில் ஈறின் மேல்தோல் பல்லின் பரப்பிலேயே ஒட்டியிருக்கிறது. உடலின் மேல்தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும் கெட்டித் திசு பல்தான், அந்தத் துளையை அடைக்கும் முத்திரை இந்த ஒட்டு. சில செல்கள் கனம், 4 முதல் 6 நாளில் முழுக்கப் புதுசாகிவிடும். செல்களுக்கு நடுவே தாராளமான இடைவெளி, அது வழியாக வெள்ளணுக்கள் ஆரோக்கியமான வாயில்கூட எந்நேரமும் பள்ளத்துக்குள் வந்துகொண்டே இருக்கும். கிருமிப் படலம் விளிம்பில் தங்கிவிட்டால் இந்தப் போக்குவரத்து கூடும், ரத்தக் குழாய்கள் விரியும், பிரஷ் பட்டதும் கசியும். ரத்தம் வருகிற இடத்தில்தான் பிரஷ் படவேண்டும்.

1965இல் டென்மார்க்கில் லோ, தைலாடே, யென்சன் என்ற மூவர் இதைச் சோதித்துக் காட்டினார்கள். நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிவிட்டது, திரும்பத் துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போலச் சரியாகிவிட்டது. எலும்பு போகாத வரைக்கும் எல்லாம் திரும்பும்.

இரும்புப்பட்டறை:
நான் ஒரு நாளைக்கு அரை பாக்கெட் சிகரெட். எனக்கு ரத்தமே வருவதில்லை, அப்படியானால் என் ஈறு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா :)

கடைவாய்ப்பல்:
எடுத்துக்கொள்ள முடியாது. புகை ரத்தக் கசிவை மறைத்துவிடும், உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும். ரத்தம் வராத புகைப்பிடிப்பவரை நாங்கள் கூடுதல் கவனத்தோடுதான் அளப்போம். சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை, இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

நிழற்குடை:
டாக்டர், இப்போது என் கதைக்கு வாருங்கள். எக்ஸ்ரே கையில் இருக்கிறது. கீழ் முன்பற்களுக்கு நடுவே எலும்பு வேரின் மேல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருக்கிறது என்று குறித்திருக்கிறார்கள். அளவு சீட்டில் இரண்டு பல்லுக்கு ஈறுப் பள்ளம் 5 மி.மீ. என்று போட்டிருக்கிறது. வேரைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு, அதை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு. பயப்பட வேண்டுமா?

கடைவாய்ப்பல்:
அந்தக் கறுப்புக் கோடுதான் நாம் இவ்வளவு நேரம் பேசிய லிகமென்ட். நாரும் நீரும் எக்ஸ்ரேயில் கறுப்பாகத்தான் தெரியும். வெள்ளைக் கோடு குழியின் சுவர், ஷார்பி நார்கள் புதைந்திருக்கும் அடர்த்தியான எலும்பு. இரண்டும் சீராகத் தெரிகிறது என்றால் மிச்சமிருக்கும் பிடிமானம் நன்றாக இருக்கிறது.

எலும்பின் விளிம்பு சாதாரணமாகப் பல்லின் கழுத்துக்கோட்டுக்கு 1 முதல் 2 மி.மீ. கீழே இருக்கும். உங்களுக்கு அது மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. இது க்ளீன் பண்ணிய அன்றைக்கு நடந்தது இல்லை. நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பிகளின் வாய் திறப்பதால் கீழ் முன்பல்லின் உள்பக்கம் கல் சீக்கிரம் படியும். கல் சொரசொரப்பு, அதன் மேல் கிருமிப் படலம் தங்கும், அழற்சி பள்ளத்தின் அடியில் இறங்கும், எலும்பு பின்வாங்கும். இதெல்லாம் வருஷக் கணக்கில், வலியே இல்லாமல். வீங்கிய ஈறும் கல்லும் சேர்ந்து பல்லிடுக்கை மூடிவைத்திருந்தன, நான்கைந்து பற்களைக் கல்லே ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது. வெட்டிப்பேச்சு சொன்னதில் இருக்கும் உண்மை இவ்வளவுதான். கல் பிடித்துக்கொண்டுதான் இருந்தது, பிடிமானத்தை அரித்ததும் அதையொட்டிய கிருமிகள்தான். கல்லை எடுத்ததும் வீக்கம் வடிந்து, ஏற்கெனவே இருந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது.

இனி அழற்சி வற்ற வற்ற லிகமென்டும் ஈறு நார்களும் இறுகும், ஆட்டம் சில வாரங்களில் குறைவதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். போன எலும்பு தானாகத் திரும்பாது, நடுவில் தெரியும் கறுப்பு முக்கோணமும் இருக்கத்தான் செய்யும். அதற்குள் பிரஷ் போகாது, சந்துக்கென்றே இருக்கும் சின்ன பிரஷ் வாங்கி விடுங்கள். 5 மி.மீ. என்ற இரண்டு இடத்தையும் ஓரிரு மாதம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் 1 மி.மீ.க்குள் அசைந்தால் கவலை இல்லை. மேலும் கீழுமாக அமுங்கினால் தள்ளிப்போடாதீர்கள்.

அரைகுறை இன்ஜினியர்:
கப்பலில் மாதக்கணக்கில் போனவர்களுக்குப் பல் ஆடி விழுந்ததும் இதே கணக்கா? ஸ்கர்வி?

கடைவாய்ப்பல்:
முடிவு ஒன்று, வழி வேறு. கொலாஜன் இழைகள் முறுக்கேறி நிற்க வைட்டமின் சி வேண்டும். லிகமென்டின் கொலாஜன் தோலில் இருப்பதைவிடப் பல மடங்கு வேகமாகச் சிதைந்து புதுசாகிறது. சி கிடைக்காவிட்டால் பழையது போய்விடும், புதுசு நிற்காது. அதனால்தான் பல் முன்கூட்டியே ஆடத் தொடங்குகிறது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு வைத்தியம் பார்த்ததில் ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்த இருவர்தான் சீக்கிரம் எழுந்தார்கள். ஆனால் கல்லை விட்டுவிட்டு வைட்டமின் மாத்திரை விழுங்கினால் ஈறு சரியாகும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

சாம்பல்பூனை:
கடைசியாக ஒன்று. என் பையன் பந்து விளையாடுகிறவன். அடிபட்டுப் பல் முழுசாகக் கழன்று விழுந்தால் இந்த நார் என்ன ஆகும்? திரும்ப வைக்க முடியும் என்கிறார்களே.

கடைவாய்ப்பல்:
முடியும்மா, நேரம்தான் எல்லாமே. நார் நடுவில் அறுபடும், பாதி வேரோடு ஒட்டியே வரும். அந்த வேரின் மேல் இருக்கும் செல்கள் உயிரோடு இருக்கும் வரைதான் வாய்ப்பு. காய்ந்துபோனால் அரை மணியில் சாக ஆரம்பிக்கும், ஒரு மணி நேரம் தாண்டினால் அநேகமாக முடிந்தது. அதனால் பல்லைத் தலைப்பக்கம் பிடித்துத்தான் எடுக்கவேண்டும், வேரைத் தொடவோ துடைக்கவோ சுரண்டவோ கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ அவனுடைய எச்சிலிலோ ஒரு அலசு, குழிக்குள்ளேயே திருப்பி வைத்து, ஒரு துணியை மெல்லக் கடிக்கச் சொல்லிவிட்டு ஓடவேண்டியதுதான். வைக்கத் தைரியம் இல்லையென்றால் பாலில் போட்டுக் கொண்டுபோங்கள். வெறும் தண்ணீரில் போட்டு வைக்கக் கூடாது, செல்கள் உப்பி வெடிக்கும்.

பக்கத்துப் பற்களோடு சேர்த்து இரண்டு வாரம் போல வளைந்துகொடுக்கும் கம்பியால் கட்டிவைப்பார்கள். விறைப்பான கம்பி கூடாது, நார் திரும்பவும் பிடிக்கக் கொஞ்சம் அசைவு வேண்டும். செல்கள் செத்துப்போன வேரைக் குழியில் வைத்தாலும் நிற்கும், ஆனால் நடுவில் லிகமென்ட் இல்லாமல் எலும்பு நேரே வேரோடு ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வேரை எலும்பாக மாற்றிவிடும். வளரும் பையன் என்றால் தாடை வளர, அந்தப் பல் மட்டும் வளராமல் கீழே தங்கிப்போகும்.

இன்னொன்று, இதெல்லாம் நிலைப்பற்களுக்கு மட்டும். விழுந்தது பால்பல் என்றால் திரும்ப வைக்கவே கூடாது, அதற்கு அடியில் அடுத்த பல்லின் முளை இருக்கிறது.